பரதேசி என்னும் பெயருடைய ஆலயம்



கொச்சிக்குச் செல்வோர் பெரும்பாலும் கோட்டைக் கடற்கரையில் சீனவலைகளைப் பார்த்து, ஆப்பமும் மீன் மொய்லியும் உண்டு திரும்பிவிடுகிறார்கள். அதில் குற்றமில்லை, அந்த மொய்லி உண்மையிலேயே நல்ல உணவு. ஆயினும் இந்த வாரம் அந்நகரின் இரண்டு ஆலயங்களுக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

1341-இல் பெரியாற்றில் பெருகிய வெள்ளம், சங்கப் புலவர் பாடிய முசிறித் துறையை மணலால் தூர்த்து, தெற்கே கொச்சியில் கடலுக்குப் புதிய வாயிலைத் திறந்தது என்பர். அந்த வாயில் வழியாக வந்தவர்களின் கதையே கொச்சியின் கதை.

முதலாவது, பரிசுத்த பிரான்சிஸ் ஆலயம். 1503-இல் போர்ச்சுக்கீசியர் மரத்தால் எழுப்பியது; 1516-இல் கல்லால் கட்டப்பட்டது. 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் மரித்த வாஸ்கோ ட காமா இங்கேதான் அடக்கம்பண்ணப்பட்டார். 14 ஆண்டுகளுக்குப் பின் எலும்புகளைத் தாய்நாட்டிற்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள். இன்று நீங்கள் காண்பது வெறுங்கல். 1663-இல் நகரைப் பிடித்த டச்சுக்காரர், கத்தோலிக்கரை வெளியேற்றி இவ்வாலயத்தைத் தம் சீர்திருத்தச் சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். அருகிருந்த சாந்தாகுரூஸ் பேராலயத்தை ஆயுதக் கிடங்காக்கினார்கள். அந்தப் பழைய பேராலயத்தை 1795-இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். பிரான்சிஸ் ஆலயம் பின்னர் ஆங்கிலிக்கருடையதாகி, இப்போது தென்னிந்தியத் திருச்சபையினுடையது. ஒரே ஆண்டவரை அறிக்கையிட்டவர்கள் ஒருவரையொருவர் துரத்திய சரித்திரம் இது.

அங்கிருந்து மட்டாஞ்சேரிக்கு நடந்து செல்லுங்கள். சுக்கும் மிளகும் மணக்கும் கிடங்குகளைத் தாண்டினால் யூதர் தெரு. அதன் கடைசியில் 1568-இல் கட்டப்பட்ட யூத ஜெப ஆலயம் நிற்கிறது. அதன் பெயர் 'பரதேசி ஜெப ஆலயம்'. நாம் வசைச்சொல்லாக்கிவிட்ட அந்தச் சொல், அங்கே அந்நிய தேசத்திலிருந்து வந்தவர் என்ற பழைய பொருளிலேயே நிலைத்திருக்கிறது. 1492-இல் ஸ்பெயின் யூதர்களை நாடுகடத்தியது. அவர்களின் வழிவந்தோர் சிலர் கொச்சிவரை வந்தனர். மன்னர் தம் அரண்மனையை ஒட்டியே அவர்களுக்கு நிலம் அளித்தார். அரண்மனைக் கோயிலுக்கும் ஜெப ஆலயத்திற்கும் இடையே இருப்பது ஒரே சுவர். அதன் முன்னால் சற்று நேரம் நில்லுங்கள்.

1662-இல் டச்சுக்காரர் நகரை முற்றுகையிட்டுத் தோற்றுப் பின்வாங்கியபோது, அவர்களுக்கு உதவியதாகச் சொல்லி யூதர்மேல் பழிதீர்த்தவர்கள் போர்ச்சுக்கீசியர். ஜெப ஆலயத்தைச் சூறையாடிச் சேதப்படுத்தினார்கள். கப்பற்பாய்களில் சிலுவையைத் தீட்டிக்கொண்டு வந்த ஜனம் அது. இதை எழுதும்போது என் கை தயங்குகிறது. ஆனால் எழுதாமல் விடுவது நேர்மையன்று.

இன்று உள்ளே செல்வோர் பாதரட்சையைக் கழற்றிவிட்டு, சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகளின்மேல் நடக்கிறார்கள். கையால் தீட்டப்பட்டவை, ஒன்றுபோல் மற்றொன்றில்லை. 1948-க்குப் பின் யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரவேலுக்குக் குடியேறினர். கூட்டு ஜெபத்திற்கு வேண்டிய பத்து ஆண்கள்கூட அந்தத் தெருவில் இப்போது இல்லை.

ஆயினும் பஸ்காவின் நினைவு அவ்வட்டாரத்தைவிட்டு அகலவில்லை. பெரிய வியாழன் இரவில், சுரியானி கிறிஸ்தவக் குடும்பங்களில் அரிசிமாவும் உளுந்தும் சேர்த்துப் புளிக்காத 'பெசஹா அப்பம்' அவிக்கிறார்கள். குருத்தோலையால் சிலுவை இடுகிறார்கள். குடும்பத் தலைவர் ஜெபித்து, பிட்டு, தேங்காய்ப்பாலும் வெல்லமும் காய்ச்சிய பாலோடு பகிர்கிறார். மூத்தவரிலிருந்து இளையவர்வரை ஒவ்வொருவராக வாங்கி உண்கிறார்கள்.

திரும்பும் வழியில் கோட்டைக் கொச்சியின் வெளி என்னும் பகுதிக்கும் செல்லுங்கள். அங்கே ஒரு சலவைத்துறை உண்டு. டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுக்கக் கொண்டுவரப்பட்டவர்கள் என்று சொல்லப்படும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் கல்லில் துணி துவைக்கின்றன. கவ்வி எதுவுமின்றி, முறுக்கிய கயிறுகளின் இடுக்கில் துணியைச் செருகிக் காயவிடுகிறார்கள். அருகே சென்று வணக்கம் சொல்லுங்கள். அவர்கள் தமிழில் பதில் சொல்வார்கள்.