கரும்புச் சக்கைக் கரியும் பாலக்கோட்டுத் தண்ணீரும்

தருமபுரி மாவட்டக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை பாலக்கோட்டில் இருக்கிறது. கரும்புச் சக்கையைக் கரியாக்கினால் குரோமியம், ஈயம் போன்ற கன உலோகங்களைத் தண்ணீரிலிருந்து பிடித்துக்கொள்ளும் என்கின்றன ஆய்வேடுகள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, மலிவான சுத்திகரிப்புக்கு வழி கிடைத்துவிட்டது என்று முடிவுகட்டுவது எளிது. அந்த முடிவு பல இடங்களில் இடிக்கிறது.

முதலாவது, சக்கை கழிவே அல்ல. ஆலைக் கொதிகலனுக்கு அதுதான் விறகு. மிஞ்சுவது சாம்பல்தான். ரூர்க்கி ஐ.ஐ.டி.யின் வினோத் குமார் குப்தா குழுவினர் 2003, 2004-இல் காட்மியம், நிக்கல், ஈயம், குரோமியம் ஆகியவற்றை நீக்க அந்தச் சாம்பலையே எடுத்துக்கொண்டது நடைமுறை அறிந்த தேர்வு.

அடுத்தது, இந்த வட்டாரத்துப் போர்வெல் தண்ணீரில் பேர்போன நஞ்சு உலோகமல்ல, ஃபுளோரைடு. சாதாரணக் கரி அதை அவ்வளவாகப் பிடிக்காது. கிளர்வுற்ற அலுமினா பிடிக்கும். ஆனால் தண்ணீரில் பைகார்பனேட் மிகுந்தால் அதுவும் தளர்ந்துவிடும். ஜப்பான் கடனுதவியுடன் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், வடிகட்டியை நம்பாமல் காவிரி நீரையே கொண்டுவந்தது. சரியான முடிவு.

இனி உலோகத்துக்கே வருவோம்; ஆய்வகத்தில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். காய்ச்சி வடித்த நீரில் பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கரைத்து, அமிலம் விட்டு பி.எச். அளவை 2-க்கு இறக்குகிறார்கள். கரித்தூளைப் போட்டுக் குலுக்கி, வடிகட்டி, மிச்சத்தை அளக்கிறார்கள். அமிலத்தில் கரியின் பரப்பு நேர்மின்சுமை பெறுவதால், எதிர்மின்சுமை கொண்ட குரோமேட் அயனி அதில் ஒட்டுகிறது. 95 விழுக்காடு நீக்கம் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். லிட்டருக்கு 50 மில்லிகிராமில் தொடங்கியிருந்தால், மிஞ்சுவது 2.5 மில்லிகிராம். இந்தியக் குடிநீர்த் தரம் அனுமதிப்பதோ 0.05. ஐம்பது மடங்கு மிகை! விழுக்காட்டை மட்டும் சொல்லி நிறுத்தும் ஆய்வேடு இதை மறைத்துவிடுகிறது.

ஆய்வகத்துக்கு வெளியே நிலைமை வேறு. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் வளாகத்தில் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் கழிவு தேங்கியது. இத்தகைய கழிவிலிருந்து கசியும் நீர் காரத்தன்மை கொண்டது; அங்கே கரியின் பரப்பு குரோமேட்டை விலக்கித் தள்ளும். அமிலம் ஊற்றிச் சரிக்கட்டலாம்தான், செலவு யார் தலையில்?

சென்னை ஐ.ஐ.டி.யின் டி. பிரதீப் குழு வேறு வழியில் போனது. கைட்டோசானில் நிறுத்திய இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு நுண்துகள்களாலான 'அம்ரித்' வடிகட்டிப் பொருள், ஊர்க் கிணற்று நீரின் இயல்பான பி.எச். நிலையிலேயே ஆர்சனிக்கைப் பிடிக்கிறது. தண்ணீரைப் பொருளுக்கேற்ப மாற்றாமல், பொருளைத் தண்ணீருக்கேற்ப அமைத்ததில்தான் அதன் வெற்றி இருக்கிறது.

அப்படியானால் சக்கைக் கரிக்கும் சாம்பலுக்கும் இடமே இல்லையா? உண்டு. குரோமிய முலாம் பூசும் பட்டறையின் அலசு நீர் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது. அளவும் குறைவு, வெளியேறும் வாயும் ஒன்றுதான். ஆனால் உலோகம் ஏறி நிறைந்த கரியே அபாயக் கழிவாகிவிடும்; அதைக் குப்பையில் கொட்ட முடியாது. கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற பாதுகாக்கப்பட்ட கழிவு நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். 'குறைந்த செலவு' என்று தலைப்பிடும் ஆய்வேடுகள் அந்த லாரி வாடகையையும் கணக்கில் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.