மகன் சொல் கேளாத மன்னர்கள்

தஞ்சாவூருக்கு அருகேயுள்ள மெலட்டூரிலும் சாலியமங்கலத்திலும் ஒவ்வோர் ஆண்டும் நரசிம்ம ஜெயந்தியையொட்டி பாகவத மேளா நாடகங்கள் இரவு நேரத்தில் நடைபெறுகின்றன. அவற்றுள் முதன்மையானது பிரகலாதன் கதை. மெலட்டூரில் நடிக்கப்படும் 'பிரகலாத சரித்திரம்' என்ற நாடகத்தை இயற்றியவர், 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி. அது தெலுங்கு மொழியில் அமைந்தது. நாயக்க மன்னர்கள் தஞ்சையை ஆண்ட காலம் விட்டுச்சென்ற தடம் அது. பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்கின்றனர். நரசிம்ம முகமூடி அணிபவர் நோன்பிருந்தே மேடைக்கு வருகிறார். இதே கதையை, தஞ்சை வட்டாரச் சிற்றூர்களில் இரணிய நாடகம் என்ற பெயரில் தமிழிலும் நடிக்கின்றனர்.

மனிதராலோ விலங்காலோ, பகலிலோ இரவிலோ, வீட்டுக்கு உள்ளேயோ வெளியேயோ தனக்குச் சாவு வரக்கூடாது என்று வரம் பெற்றவன் இரணியன். சாவுக்கு எல்லா வழியையும் அடைத்துவிட்டதாக எண்ணிய அவன், தன்னையே கடவுளாக வணங்கும்படி ஆணையிட்டான். மறுத்தவன் வேற்று நாட்டுப் பகைவன் அல்ல, அவன் பெற்ற பிள்ளை பிரகலாதன். தாய் லீலாவதி மன்றாடுகிறாள். தந்தையோ இறங்கி வரவில்லை. கடைசியில் பகலும் இரவும் அல்லாத அந்தி வேளையில், உள்ளும் வெளியும் அல்லாத வாசற்படியில், மனிதரும் விலங்கும் அல்லாத உருவம் அவனை முடிக்கிறது. இரணியனிடம் வீரத்திற்குக் குறைவில்லை, தவத்திற்கும் குறைவில்லை. ஒரு சிறுவன் சொல்வதைக் கேட்கும் காது மட்டும் அவனுக்கு இல்லாமல் போயிற்று.

தந்தையின் செருக்கும் மகனின் எச்சரிக்கையும் மோதும் இதே காட்சியை, கடல் கடந்து, பண்டைய கிரேக்க நாட்டிலும் நாம் காண்கிறோம். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகர மக்கள் திறந்தவெளி அரங்கில் கூடி அவலநாடகங்களைக் கண்டனர். சோபக்ளிஸ் எழுதிய 'ஆன்டிகனி' அவற்றுள் ஒன்று. தீப்ஸ் நகர மன்னன் கிரயோன், நகரை எதிர்த்துப் படையெடுத்து மாண்ட ஒருவனின் உடலைப் புதைக்கக்கூடாது என்று கட்டளையிடுகிறான். இறந்தவனின் தங்கை ஆன்டிகனி, கட்டளையை மீறி அண்ணனுக்கு இறுதிக்கடன் செய்கிறாள். அவளை உயிரோடு குகையில் அடைக்கத் தீர்ப்பிடுகிறான் மன்னன்.

ஆன்டிகனியை மணக்க இருந்தவன் மன்னனின் மகன் ஹைமன். தந்தையிடம் அவன் மரியாதையோடு பேசுகிறான். வெள்ளத்தில் வளைந்து கொடுக்கும் மரம் பிழைக்கும், விறைத்து நிற்கும் மரம் வேரோடு போகும் என்பது அவன் வாதம். கொள்ளிடக் கரை நாணலைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த வயதில் ஒரு பையனிடமா பாடம் கற்பது என்று கேட்கிறான் கிரயோன். பின்னர் டைரீசியஸ் என்ற பார்வையற்ற முதியவர் எச்சரித்தபோது மனம் மாறுகிறான். அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஆன்டிகனி, ஹைமன், ஹைமனின் தாய் என மூவரும் தம் உயிரை மாய்த்துக்கொள்கின்றனர். தவற்றை உணர்ந்த கிரயோன் மட்டும் உயிரோடு எஞ்சுகிறான்.

வரம்பு மீறிய இத்தகைய ஆணவத்தை கிரேக்கர் 'ஹியூப்ரிஸ்' என்றனர். பிறரை இழிவுபடுத்தி மகிழும் செயலையும் இச்சொல் குறித்தது. ஏதென்ஸ் சட்டத்தில் அது தண்டனைக்குரிய குற்றம். எஸ்கிலஸ் கி.மு. 472ல் அரங்கேற்றிய 'பாரசீகர்' நாடகத்தில், கி.மு. 480ல் சலாமிஸ் கடற்போரில் தோற்ற பாரசீக மன்னன் செர்க்ஸஸின் செருக்கை, அவனுடைய இறந்த தந்தையின் ஆவியே கண்டிக்கிறது. வென்ற ஏதென்ஸ் மக்களுக்கும் அது ஓர் எச்சரிக்கைதான்.

அவலநாடகத் தலைவனின் வீழ்ச்சிக்குக் காரணம் அவனிடமுள்ள ஒரு 'ஹமார்ட்டியா' என்றார் அரிஸ்டாட்டில். குறி தவறுதல் என்பது அச்சொல்லின் அடிப்படைப் பொருள். எனவே ஹமார்ட்டியா எப்போதும் செருக்கையே குறிக்கும் எனச் சொல்ல முடியாது. அறியாமையால் நேரும் பிழையும் அதில் அடங்கும். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் பாவத்தைக் குறிக்க வருவதும் இதே சொல்தான் என்பது நம் கவனத்திற்குரியது. செருக்கே தீயொழுக்கங்கள் அனைத்திற்கும் வேர் என்று கற்பித்தார், 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருத்தந்தை பெரிய கிரகோரியார்.

இரணியனும் கிரயோனும் அழிவைத் தேடிப் போகவில்லை. தாங்கள் சொல்வதே சரி என்று நம்பினார்கள். அவர்களைக் காப்பாற்றக்கூடிய குரல், அவர்கள் வீட்டிலேயே, அவர்களைவிடச் சிறியவரிடமிருந்து வந்தது. செருக்கு முதலில் அடைப்பது காதுகளைத்தான்.

நிலப்பெருமையும் குலப்பெருமையும் நம் ஊர்களுக்குப் புதியவை அல்ல. மகள் தேர்ந்துகொண்ட வாழ்க்கைத் துணை, மகன் விரும்பும் படிப்பு, பங்குப் பேரவையில் இளையவர் ஒருவர் எழுப்பும் கேள்வி, தலைமடைக்காரரிடம் கடைமடைக்காரர் கேட்கும் தண்ணீர் எனப் பலவற்றிலும் அந்தச் சிறிய குரல் நம்மிடமும் வருகிறது. 'நேற்றுப் பிறந்தவன் எனக்குச் சொல்வதா?' என்ற சொல் நாவில் எழும்போது, ஒரு நொடி நிறுத்துவோம். கிரயோன் அதை நிறுத்தியிருந்தால் அவன் வீட்டில் மூன்று சாவு விழுந்திருக்காது. நெல் முற்றினால் கதிர் தலைசாய்வதை ஆண்டுதோறும் நம் வயலில் காண்கிறோம். அந்தக் கதிரைப் போல நாமும் தலை தாழ்த்திக் கேட்கப் பழகுவோம்.