நரசாபுரத்து நூற்பின்னல்

ஐதராபாத் நகரைச் சேர்ந்த கொண்டாப்பூரில் ஒரு குடும்பத் தலைவி, கோடை வந்ததும் ஆவக்காய் ஊறுகாய் போட்டு முடித்து, பிற்பகலில் கொக்கி ஊசியும் நூலுமாக அமர்வாளாயின், அதனைப் பொழுதுபோக்கு என்போம். தீங்கற்ற சொல்தான். ஆயினும் அச்சொல்லே உழைப்பின் கூலியைக் குறைத்த வரலாறு ஆந்திர நாட்டில் உண்டு.

கோதாவரி கடலோடு கலக்குமிடத்தை அடுத்துள்ளது நரசாபுரம். 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவப் பாதிரிமார் குடும்பத்தினர் அங்கிருந்த ஏழைப் பெண்களுக்கு நூற்பின்னலைக் கற்பித்தனர். தறி வேண்டா, பட்டறை வேண்டா. ஓர் ஊசியும் நூற்கண்டும் போதும். உலை கொதிப்பதற்குள் நான்கு கண்ணி பின்னிவிடலாம். அந்த வசதியே வினையாயிற்று. ஒருத்தி பூக்களைப் பின்னுவாள். மற்றொருத்தி அவற்றை இணைத்து விரிப்பாக்குவாள். நூலைக் கொடுத்து, பின்னியதைப் பெற்று, கடல் கடந்து விற்ற ஆடவர் வணிகர் எனப்பட்டனர். சமையலுக்கு இடையே நாள்தோறும் ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னியவளோ, வீட்டில் சும்மா இருப்பவள் எனப்பட்டாள். (இந்தச் 'சும்மா'வுக்கு நம் வீடுகளிலும் பஞ்சமில்லை.) ஓய்வு நேர வேலைக்கு முழுக் கூலி எதற்கு என்பதே கணக்கு. செருமானிய சமூகவியல் அறிஞர் மரியா மீஸ் அங்குச் சென்று ஆராய்ந்து, 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இந்தக் கணக்கை அம்பலப்படுத்தினார்.

2024ஆம் ஆண்டில் நரசாபுரப் பின்னலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேற்றூர்ச் சரக்கை இனி அவ்வூர்ப் பெயரால் விற்க இயலாது. பூ ஒன்றுக்கு இவ்வளவு கூலி என்று வரையறுப்பது அக்குறியீட்டின் வேலையன்று.