பூனைக்கு ஒரு ஜாதகம்!

மாமல்லபுரம் போயிருப்பீர்கள். அர்ஜுனன் தபசு பாறை முன்னால் நின்று போட்டோவும் எடுத்திருப்பீர்கள். அங்கே பெரிய யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை நிற்கிறதே, கவனித்தீர்களா? முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கியபடி கடும் தவம்! காலடியில் அதை நம்பும் எலிகள். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி அடித்த ஜோக் இது. வெளித்தோற்றத்தைப் பார்த்து ஏமாறாதே!

இன்று ஏமாறும் எலிகள் நாம்தான். பூனை? பெர்ஷியன்!

1620-ல் பியெத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி, பாரசீகத்தில் பார்த்த பட்டுமுடிப் பூனைகளைப் பற்றி ஊருக்குக் கடிதம் எழுதினார். ஐரோப்பியப் பணக்காரர்களுக்கு அந்த அழகின் மேல் மோகம் வந்தது. 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வியர் என்பவர் பூனைக் கண்காட்சியே நடத்தினார். தலைக்கு, கண்ணுக்கு, முடிக்கு என்று தனித்தனியாக மார்க்! பரிசு வாங்கிய பூனைகளின் வம்சத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணை சேர்த்தார்கள்.

கிட்னிக்கு மட்டும் யாரும் மார்க் போடவில்லை. வினை அங்கேதான் ஒளிந்திருந்தது.

பாலிசிஸ்டிக் கிட்னி டிசீஸ். குட்டி பிறக்கும்போதே சிறுநீரகத்தில் பொடிப்பொடியாக நீர்க்கட்டிகள் இருக்கும். அவை மெல்ல வளரும். பூனையோ ஜாலியாக ஓடி விளையாடும். பெரும்பாலும் ஏழு வயது வாக்கில்தான் ஓயாமல் தண்ணீர் குடிப்பது, சாப்பிடாமல் இளைப்பது என்று விஷயம் வெளியே வரும். குணப்படுத்த மருந்து கிடையாது. அதற்குள் அது பல குட்டிகள் போட்டிருக்குமே! பல நாடுகளில் சோதித்துப் பார்த்தபோது பெர்ஷியன்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்த நோய் இருந்தது.

2004-ல் அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் லெஸ்லி லயன்ஸ் குழு குற்றவாளியைப் பிடித்தது. பிகேடி1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை! பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தாலே, ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

நல்ல சேதியும் இதிலேயே இருக்கிறது. இந்தப் பிழை ஒளிந்திருந்து பேரன் பேத்திக்குத் தாவாது. அப்பா, அம்மா இருவரிடமும் இல்லையென்றால் குட்டிக்கும் வராது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தால் போதும், சோதித்துவிடலாம். பிழை உள்ள பூனையைக் கொல்ல வேண்டாம், விரட்ட வேண்டாம். குட்டி போடாமல் பார்த்துக்கொண்டால் சரி.

நம் வீட்டுக் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறோம். பல ஆயிரம் கொடுத்துப் பெர்ஷியன் குட்டி வாங்கும்போது, வம்சாவளிச் சான்றிதழோடு, “அப்பா, அம்மாவுக்கு டெஸ்ட் எடுத்தீங்களா?” என்றும் கேளுங்கள். விற்பவர் முழித்தால், மாமல்லபுரத்து எலிகளை நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்!