பொன்முடி அடிவாரத்தில் மீன் வளர்ப்பு

திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறைய 60 கி.மீ. தொலைவில், 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பொன்முடி. மலைமேல் தேயிலையும் மூடுபனியும்தான். மீன் வளர்ப்புக்கு ஏற்ற இடம் அடிவாரம். ஆங்கிலேயர் நீலகிரியின் அவலாஞ்சியிலும் மூணாறு மலைகளிலும் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு ஆண்டு முழுக்கக் குளிர்ந்த நீர் வேண்டும். பொன்முடி ஓடைகளில் அந்தக் குளிர்ச்சி கிடையாது. கெண்டைக்கும் திலாப்பியாவுக்கும் (நம்மூர் ஜிலேபிதான்) அடிவாரத்து வெதுவெதுப்பான நீரே போதும்.

அதே மலைத்தொடரில் தெற்கே, 1950களில் கட்டப்பட்ட நெய்யாறு அணை இருக்கிறது. தமிழருக்கு அது தமிழகத்தின் விளவங்கோடு வட்டத்துக்கு வராமல்போன தண்ணீரை நினைவூட்டும் பெயர். மீன் வளர்ப்போருக்கோ அங்குள்ள குஞ்சு பொரிப்பகத்தால் தெரிந்த இடம். கெண்டை இனங்களான கட்லாவும் ரோகுவும் தேங்கிய குளத்தில் முட்டையிடுவதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி குழுவினர் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டைகளை இனப்பெருக்கம் செய்யவைத்தார்கள். அதன்பிறகே குஞ்சுக்காக ஆற்றை நம்பியிருக்கும் நிலை மாறியது.

ரப்பர் தோட்டங்கள் நிறைந்த இந்தப் பகுதியில் பெரிய குளம் வெட்ட நிலம் எங்கே? அதனால் வந்ததுதான் படுதாக்குளம்: வீட்டுக் கொல்லையில் ஒன்றிரண்டு சென்ட் பள்ளம் தோண்டி, கெட்டியான தார்ப்பாய் விரித்து நீர் நிரப்புகிறார்கள். கொரோனா ஆண்டான 2020இல் கேரள அரசின் சுபிட்ச கேரளம் திட்டம் இதற்குக் கைகொடுத்தது.

குஞ்சுகள் ஆக்சிஜன் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் வரும். வந்தவுடன் கொட்டிவிடக் கூடாது. பையை அப்படியே கால் மணி நேரம் குளத்தில் மிதக்கவிட்டு, இரு நீரின் சூடும் ஒன்றான பிறகே அவிழ்க்க வேண்டும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் நீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று பொருள். உடனே நீரில் காற்றைக் கலக்கும் மோட்டாரைப் போட வேண்டும். திலாப்பியா ஆறேழு மாதத்தில் விற்கும் அளவுக்கு வளர்ந்துவிடும். செலவில் பாதிக்கு மேல் தீனிக்கே போவதால், வியாபாரிக்குக் கொடுத்தால் கட்டுப்படியாகாது. குளக்கரையிலேயே துள்ளத் துடிக்க விற்பவருக்குத்தான் கையில் நாலு காசு நிற்கும்.

2022இல் உலகில் பிடித்ததைவிட வளர்த்த மீன், இறால் போன்ற நீர்வாழ் உயிர்கள் அதிகம் என்கிறது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு. ஆனால் மலையடிவாரத்தில் வேறொரு கணக்கும் உண்டு. 2018 வெள்ளத்தில் கேரளக் குளங்களிலிருந்து தப்பிய அராபைமா போன்ற அயல் மீன்கள் ஆறுகளில் பிடிபட்டன. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வேறெங்கும் இல்லாத சிறு மீன்கள் பல வாழ்கின்றன; தப்பும் அயல் மீன்களால் அவற்றுக்கு ஆபத்து. அயல் இனமான கிஃப்ட் (மேம்படுத்திய ரகம்) திலாப்பியாவை வளர்க்க அரசு உரிமம் கேட்பதும், நீர் வெளியேறும் குழாய்க்கு வலை கட்டச் சொல்வதும் இதனால்தான்.