பழவேற்காட்டுப் பாடும் மேற்கோள் கணக்கும்



நிறுவன உளவியலில் ஆராய்ச்சி செய்யும் என் மாணவி ஒருத்தி, "கட்டுரை எழுதினால் மட்டும் போதாது சார், எத்தனை பேர் அதை மேற்கோள் காட்டினார்கள் என்றுதான் கேட்கிறார்கள்" என்று சலித்துக்கொண்டாள். மனிதர்கள் கூடி வேலை செய்வது எப்படி என்பதுதான் அவள் துறை. அதற்கு நம் ஏரியிலேயே ஓர் உதாரணம் உண்டு.

முதலில் அந்த மேற்கோள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1964இல் யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர், எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார் என்று அட்டவணை போட்டார். வேண்டிய கட்டுரையைத் தேடி எடுக்கத்தான் அது. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் அதை ஒற்றை எண்ணாக்கினார். பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறையாவது மேற்கோள் பெற்றால் எச்-இன்டெக்ஸ் 10. இப்போது வேலை, பதவி உயர்வுக்கெல்லாம் அதைப் பார்க்கிறார்கள்.

இனி நம் கதை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் 'பாடு' என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடுவது என்று ஊரே முறை வைத்துக்கொள்வது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது. இதை செபாஸ்டியன் மாத்யூ விரிவாக எழுதினார். ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 1991இல் 839ஆம் எண் மீன்வளச் சுற்றறிக்கையாக அதை வெளியிட்டது. ஆனால் சுற்றறிக்கை ஆய்விதழ் அல்ல. மேற்கோள் அட்டவணைகள் பெரும்பாலும் ஆய்விதழ்களைத்தான் எண்ணும்.

துருக்கியில் அலன்யா என்ற ஊரிலும் இப்படி ஒரு வழக்கம். செப்டம்பரில் சீட்டுக் குலுக்கி இடம் பிரித்து, தினமும் ஓர் இடம் நகர்வார்கள். ஃபிக்ரெட் பெர்க்கெஸ் 1986இல் அதை எழுதினார். எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் தம் புத்தகத்தில் அதை எடுத்தாண்டார். பொதுச் சொத்தை மக்களே காக்க முடியும் என்று காட்டியதற்காக 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. பெர்க்கெஸும் கென்டன் லோபும் 2004இல் கொச்சிக் காயலின் பாடு முறை பற்றி எழுதினார்கள். சொல்கூட நம் சொல்தான்!

இந்த ஆராய்ச்சியாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் எழுதாவிட்டால் வெளியுலகுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் முறையை உருவாக்கி, சண்டை தீர்த்து, தலைமுறை தலைமுறையாக நடத்தியவர்கள் பெயர் எந்த அட்டவணையிலும் ஏறாது.

பாட்டைத் தெய்வமாக்கவும் எனக்கு மனமில்லை. உரிமை பட்டினவர் ஆண்களுக்கு. பெண்களுக்கு இல்லை, கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்கும் இல்லை. சாரா கூல்தார்ட் 2008இல் எழுதிய கட்டுரை இதே ஏரியைப் பற்றியதுதான். மீன் குறையும்போது பாடு உள்ளவரும் இல்லாதவரும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்க்கிறது. இவ்வளவு பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. கட்டுரையைப் படித்தால்தான் தெரியும். என் மாணவியிடமும் அதைத்தான் சொன்னேன்.

குப்பத்துப் பிள்ளைகளே, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது தாத்தாவிடம் ஏரியில் பாட்டு இடங்களின் பெயர்களைக் கேட்டு எழுதிவையுங்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.