பாலெஹ் பேழை ஓவியம்

ரஷ்யாவின் இவானவா மாநிலத்திலுள்ள பாலெஹ் என்னும் ஊரில் 1920களில் உருவான சிற்றோவியக் கலை. அட்டையால் செய்து கறுப்பு வார்னிஷ் பூசிய சிறு பேழைகளின் மூடியில் நாட்டுப்புறக் கதைகள், பாடல்கள், புஷ்கினின் கவிதைக் கதைகள் முதலியவற்றின் காட்சிகள் தீட்டப்படும்.

பேழை செய்யும் தொழில் பாலெஹுக்கு உரியதன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோரபவ் என்ற வணிகர், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்து முறையைப் பின்பற்றி, மாஸ்கோவுக்கு அருகே இன்றைய ஃபெதோஸ்கினோவில் அதைத் தொடங்கினார். பின்னர் லுகூத்தின் குடும்பம் 1904 வரை நடத்தியது. அங்கே எண்ணெய் வண்ணமே வழக்கம்.

பாலெஹ் ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேவாலயத் திருவுருவப் படங்கள் எழுதியவர்கள். 1917 புரட்சிக்குப் பின் அவற்றை வாங்க ஆளில்லை. பலர் உழவுக்குத் திரும்பினர். பாலெஹ் ஓவியர்களுள் ஒருவரான இவான் கோலிகவ், மாஸ்கோ கைவினை அருங்காட்சியகத்தில் ஃபெதோஸ்கினோ பேழைகளைக் கண்டதே புதிய கலைக்கு வித்து என்பர். அது நிகழ்ந்தது 1921இலா 1922இலா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. உறவினர் கிளாசுனவின் மாஸ்கோ பட்டறையில், ஒளிப்படம் கழுவும் பழைய தட்டொன்றின் துண்டில் அவர் முதலில் எழுதிப் பார்த்ததாகவும் சொல்லப்படுகிறது. 1924 டிசம்பர் 5 அன்று ஏழு பேர் கூடிப் பழங்கால ஓவியக் கூட்டுறவை அமைத்தனர். மறு ஆண்டே பாரிஸ் கண்காட்சியில் பாலெஹ் பேழைகள் பரிசு பெற்றன.

பொருள் மாறினாலும் கை மாறவில்லை. திருவுருவப் படங்களின் படிப்படியான பாறைகளும் மெல்லிய மாடங்களும் அப்படியே நிற்க, புனிதர்கள் இருந்த இடத்தில் நெருப்புப் பறவையும் சாம்பல்நிற ஓநாய்மேல் செல்லும் இளவரசன் இவானும் வந்தனர். கோலிகவின் மூன்று குதிரை பூட்டிய வண்டிகளோ பேழை மூடிக்குள் அடங்க மறுப்பவை. ‘ஈகரின் படையெழுச்சி’ காவியத்துக்குப் படங்கள் வரைந்ததோடு பாடம் முழுவதையும் அவரே கையால் எழுதினார். அந்நூல் 1934இல் வெளிவந்தது. 1937இல் அவர் காலமானார்.

பேழை செய்ய அட்டைத் தாள்களைப் பசையிட்டு அச்சில் சுற்றி அழுத்தி, ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து, அடுப்பில் உலர்த்துவர். வெளியே கறுப்பும் உள்ளே சிவப்பும் பூசுவர். முட்டை மஞ்சள் கருவில் குழைத்த வண்ணங்களை அணில்முடித் தூரிகையால் தீட்டுவர். கடைசியில் பொன்கோடுகள் இழைத்து, ஓநாய்ப் பல்லால் தேய்த்து ஒளியேற்றுவர்.

1930களில் ம்ஸ்த்யோரா, ஹோலுய் ஆகிய ஊர்களின் திருவுருவ ஓவியர்களும் இவ்வழியில் வந்தனர். 1935இல் பாலெஹில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கூட்டுறவு கலைப் பட்டறையாயிற்று. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் ஓவியர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்தனர். போலிப் பேழைகள் சந்தையில் பெருகின. பலர் மீண்டும் திருவுருவப் படங்கள் எழுதுகின்றனர்.